நாணயச் சேகரிப்பில் கணக்குத் தவறும்போது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

மும்பை மாட்டுங்காவில் என் தகப்பனார் விட்டுச்சென்றவை ஒரு பிஸ்கட் டின், மூன்று ஆல்பங்கள், நீல மையில் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஆகியவை. நோட்டில் இருந்த காசுகளில் பாதி ஆல்பத்தில் இல்லை. ஆல்பத்தில் இருந்தவற்றில் பல நோட்டில் இல்லை. அவற்றை ஒழுங்குபடுத்த எனக்கு இரண்டு மழைக்காலங்கள் பிடித்தன. அந்த அனுபவத்தில் கண்ட கோளாறுகளையும் அவற்றைச் சரிசெய்த முறையையும் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் உள்ள அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதுமானது. ஆனால் எந்தக் கோளாறாக இருந்தாலும், காரணம் தெரியும் வரை ஒரு காசைக்கூட இருந்த இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டாம். எந்தக் காசு எதன் பக்கத்தில் இருந்தது என்பதே பல வேளைகளில் மிஞ்சியிருக்கும் ஒரே தடயமாக இருக்கும்.

அறிகுறி: பட்டியலில் இருக்கும் காசு பெட்டியில் இல்லை, பெட்டியில் இருப்பது பட்டியலில் இல்லை

காசு தொலைந்துவிட்டது என்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் அது தொலைவதில்லை. எண் காசுக்குக் கொடுக்கப்படாமல் இடத்துக்குக் கொடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். என் தகப்பனார் “ஆல்பம் 2, பக்கம் 7, குழி 4” என்று எழுதி வைத்திருந்தார். நடுவில் ஒரு புதுக் காசைச் செருகிய அன்றே அதற்குப் பின்னால் இருந்த எல்லாக் குறிப்புகளும் பொய்யாகிவிட்டன.

இதைத் தவிர்க்க எண்ணிய நான் இன்னொரு தவறைச் செய்தேன். நாடு, மதிப்பு, ஆண்டு மூன்றையும் சேர்த்து எண்ணுக்குள்ளேயே பொருள் வைத்தேன். ஒரு காசின் ஆண்டைத் தவறாகப் படித்திருந்தது பின்னால் தெரிந்தபோது அதன் எண்ணையே மாற்ற வேண்டி வந்தது. பழைய எண்ணை எழுதியிருந்த உறையும், புகைப்படமும், ரசீதும் அநாதைகளாயின.

ஆகவே எண்ணுக்குப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. 0001, 0002 என்று கைக்கு வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகட்டும். ஒரு காசை விற்றாலும் கொடுத்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குத் தராமல், “வெளியேறியது” என்று குறித்து அந்த வரியை அப்படியே விட்டுவிட வேண்டும். இடம் என்பது பட்டியலில் தனிப் பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசையில்), பென்சிலால் எழுதியதைப் போல எப்போதும் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். எண்ணைக் காசின் மேல் ஒட்டக் கூடாது. ஒட்டுநாடாவின் பசை உலோகத்தில் கறையாகப் படியும். காசை அட்டை உறையில் போடுவதற்கு முன்பே உறையின் மீது எண்ணை எழுதிவிட வேண்டும். காசு உள்ளே இருக்கும்போது பேனாவை அழுத்தி எழுதினால் அழுத்தம் காசின் முகம் வரை போகும்.

ஏற்கெனவே குழம்பிய சேகரிப்பை இப்படிச் சரிசெய்யலாம். பழைய நோட்டைத் திருத்தாமல் அப்படியே மூடி வையுங்கள். பெட்டியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் புதிதாக எண்ணிட்டுப் பட்டியலிடுங்கள். முழுவதும் முடிந்த பிறகு பழைய நோட்டை எடுத்து, வரி வரியாகப் புதுப் பட்டியலோடு பொருத்துங்கள். பொருந்தாமல் மிஞ்சுபவைதான் உண்மையில் காணாமல் போனவை. எனக்கு அறுபதுக்கு மேல் காணவில்லை என்று தோன்றிய இடத்தில் கடைசியில் மிஞ்சியவை ஒன்பது மட்டுமே. பழைய நோட்டை எறிந்துவிட வேண்டாம். “சயான் மாமா கொடுத்தது” போன்ற குறிப்புகள் வேறெங்கும் கிடைக்கா.

காசை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது இருந்த குழியில் எண்ணும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டால் இந்தக் கோளாறு திரும்ப வருவதில்லை.

அறிகுறி: ஒரே காசு நான்கைந்து இருக்கிறது, அல்லது இருப்பதையே மறுபடி வாங்கிவிட்டீர்கள்

இவை நேர்மாறான இரண்டு கோளாறுகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். அக்கசாலைக் குறியை, அதாவது காசை அடித்த ஆலையின் அடையாளத்தை, பார்க்காமல் பதிவு செய்திருக்கிறீர்கள்.

இந்திய அரசின் காசுகள் நான்கு அக்கசாலைகளில் அடிக்கப்படுகின்றன. ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியை வைத்து எது எங்கே அடித்தது என்று அறியலாம். மும்பைக்கு டைமண்ட் வடிவம், ஹைதராபாத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம், 1988இல் தொடங்கிய நொய்டாவுக்கு ஒரு புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. ஹைதராபாத்தின் பழைய காசுகளில் பிளந்த டைமண்ட் போன்ற வேறு வடிவங்களும் உண்டு என்பதால், டைமண்டைக் கண்டதும் மும்பை என்று எழுதிவிடாமல் அது முழு டைமண்டா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர, சில ஆண்டுகளில் வெளிநாட்டு அக்கசாலைகளில் அடித்து வரவழைக்கப்பட்ட காசுகளும் இருக்கின்றன.

பதினொரு பக்க இரண்டு ரூபாய்க் காசு நினைவிருக்கும். ஒரே ஆண்டுக்கு என்னிடம் நான்கு இருந்ததால் மூன்றை உபரி என்று தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் அவன் வீட்டில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் நட்சத்திரத்தின் முனைகள் தேய்ந்து புள்ளியைப் போல நின்றது; இன்னொன்றில் உண்மையான புள்ளி, வட்டமாக, விளிம்பு கூர்மையாக இருந்தது; மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஆக, நான்கு அக்கசாலைகளின் முழு வரிசையை நானே உடைத்திருக்கிறேன். அவன் திருப்பித் தரவில்லை. அது நியாயம்தான்.

குறியைப் பார்க்கும்போது விளக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, காசை மெல்லச் சுழற்றினால், புள்ளியின் நிழல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விழும்; தேய்ந்த நட்சத்திரத்தின் நிழல் கோணலாக மாறிக்கொண்டே இருக்கும்.

பட்டியலில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கொல்கத்தா காசுக்குக் குறி இல்லை என்பதால் பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வெறுமை “குறி இல்லை” என்கிறதா, “இன்னும் பார்க்கவில்லை” என்கிறதா என்பது எழுதியவருக்கே தெரியாது. ஆகவே பார்த்து இல்லையென்று உறுதி செய்தால் “குறி இல்லை” என்றும், தேய்மானத்தால் தெரியவில்லையென்றால் “படிக்க இயலவில்லை” என்றும் எழுதுங்கள். வெறும் கட்டம் பார்க்கப்படாததை மட்டுமே குறிக்கட்டும். இந்த ஒரு பழக்கத்தால் நான் மறுபடி சரிபார்க்க வேண்டிய காசுகள் பாதியாகக் குறைந்தன.

இருப்பதையே மறுபடி வாங்குவதைத் தடுக்க, ஆண்டும் குறியும் மட்டும் கொண்ட ஒரு சுருக்கப் பட்டியலைக் கைபேசியில் வைத்துக்கொண்டு மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாருக்குப் போனால் போதும். முழுப் பட்டியலை அங்கே திறந்து தேடிக்கொண்டிருந்தால் கடைக்காரர் உங்கள் ஆர்வத்தைக் கண்டு விலையை ஏற்றிவிடுவார்.

அறிகுறி: எக்செலில் அணாக்கள் எல்லாம் தேதிகளாக மாறிவிட்டன

பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. தம்படிக் காசுக்கு மதிப்பு 1/12 அணா என்று தட்டுகிறீர்கள். கட்டத்தில் டிசம்பர் 1 என்று நிற்கிறது. காலணாவுக்கு 1/4 என்றால் ஏப்ரல் 1. சாய்கோட்டைக் கண்டதும் எக்செலும் கூகுள் ஷீட்ஸும் அதைத் தேதியென்று எடுத்துக்கொள்கின்றன. கட்டத்தின் வகையை எண் என்று மாற்றினால் சரியாகும் என்று நினைத்து மாற்றினால் ஐந்து இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். அது 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்களின் கணக்கு. நீங்கள் தட்டியது அதற்குள் திரும்பி வராது.

கெட்டுப்போன கட்டங்களைத் தேதி வடிவத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, நாளையும் மாதத்தையும் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டும். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். இனி வருபவற்றுக்கு அந்தப் பத்தி முழுவதையும் முன்கூட்டியே எழுத்து வகையாக மாற்றிவிடலாம். என் வழி இன்னும் எளிது: மதிப்பைச் சொல்லாகவே எழுதுகிறேன். காலணா, அரையணா, இரண்டணா என்று எழுதிய பத்தியை எந்த மென்பொருளும் தேதியாக்க முடியாது.

சொல்லாக எழுதினால் மதிப்பு வரிசையில் அடுக்க முடியாதே என்ற கேள்வி வரும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்து, பழைய காசுகளின் மதிப்பைத் தம்படிக் கணக்கில் எழுதுங்கள். தம்படிக்கு 1, காலணாவுக்கு 3, அணாவுக்கு 12, ரூபாய்க்கு 192. 1957 ஏப்ரல் 1க்குப் பிந்தைய தசமக் காசுகளை இந்தப் பத்தியில் சேர்க்காமல் தனியே வைப்பது நல்லது.

இதே தாளில் வரும் மற்ற இரண்டு தொல்லைகள் சிறியவை. வரிசை எண்கள் 1, 10, 100, 2 என்று அடுக்கப்பட்டால் அவை எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன என்று பொருள். நான்கு இலக்கமாகச் சுழியம் சேர்த்தால் எழுத்தாக இருந்தாலும் வரிசை பிசகாது. 1835 போன்ற பழைய ஆண்டுகளை எக்செல் தேதியாக ஏற்காது. ஆண்டை வெறும் எண்ணாக எழுதினால் போதும்.

அறிகுறி: “பைசா” என்று எழுதியிருக்கிறது, ஆனால் எந்தப் பைசா என்று தெரியவில்லை

பழைய நோட்டுகளில் இந்தச் சொல் ரூபாயில் 64இல் ஒரு பங்கான பழைய காலணாவையும் குறிக்கும், 1957க்குப் பின் வந்த 100இல் ஒரு பங்கையும் குறிக்கும். அவசரத்தில் எழுதியவர்கள் 192இல் ஒரு பங்கான தம்படியையும் பைசா என்றே எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். காசு கையில் இருந்தால் சிக்கல் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட செம்புக் காசு என்றால் அது 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா. “நயா பைசா” என்று பொறித்திருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. நோட்டில் சொல் மட்டும் இருந்து காசு இல்லையென்றால், ஊகித்துத் திருத்தாமல், எழுதியவர் எழுதியபடியே மேற்கோள் குறிக்குள் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஆண்டு பொருந்தவில்லை

மும்பைச் சந்தையில் பரோடா சமஸ்தானத்தின் செப்புக் காசு எளிதாகக் கிடைக்கும். ஒரு பக்கம் குதிரைக் குளம்பும் வாளும் இருக்கும். அதில் நாகரி எண்களில் 1949 என்று கண்டு, சுதந்திரத்துக்குப் பிறகும் சமஸ்தானம் காசு அடித்ததா என்று ஒரு நண்பர் வியந்தார். அது விக்கிரம ஆண்டு. 57ஐக் கழித்தால் 1892. ஊரிலிருந்து வந்த பாட்டியின் சுருக்குப்பையில் திருவிதாங்கூர்க் காசு இருந்தால் அதில் கொல்லம் ஆண்டு இருக்கும். 825 கூட்ட வேண்டும், முந்தைய கி.பி. ஆண்டின் கடைசி மாதங்களும் அதே எண்ணில் அடங்குவதால் 1114 என்பது 1938-39 ஆகிறது. ஹைதராபாத் நிஜாமின் காசில் ஹிஜ்ரி ஆண்டு. அது சந்திர ஆண்டு என்பதால் நேராகக் கூட்ட முடியாது, 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழச் சரியாக வரும். 1337 என்பது 1918-19.

இதற்கெல்லாம் தீர்வு, ஆண்டுக்கு இரண்டு பத்திகள் வைப்பது: காசில் உள்ளபடி ஒன்று, கி.பி. கணக்கில் மற்றொன்று. ஒரே பத்தியில் மாற்றி எழுதிவிட்டால், மாற்றியது தவறென்று பின்னால் தெரியும்போது மூலம் கையில் இருக்காது.

நினைவு நாணயங்களில் குழப்பம் வேறு வகையானது. 2003இல் வந்த காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவர் பிறந்த ஆண்டும் இருக்கும். பட்டியலில் வெளியீட்டு ஆண்டுதான் ஆண்டுப் பத்திக்கு உரியது. நினைவுகூரப்படும் ஆண்டு குறிப்புப் பத்திக்குப் போக வேண்டும்.

அறிகுறி: காசின் மேல் பச்சை, வெளிர்பொடி, கறுப்பு

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரத் துணி. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த நான்கு மாதங்கள் சேகரிப்பைக் கெடுத்துவிடும். மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

தொட்டால் பிசுபிசுக்கும் பச்சைப் படலம், ஆல்பத்தில் புது மழைக்கோட்டு வாசனை: இது பி.வி.சி. உறையின் வேலை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிவதோடு, பிளாஸ்டிக் சிதைந்து அமிலமும் வெளிப்படுகிறது. காசை உடனே எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனில் சில நிமிடங்கள் அமிழ்த்தி, தேய்க்காமல் எடுத்து உலர விட வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். சமையலறையில் செய்யவே வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு அதே ஆல்பத்தில் திரும்ப வைத்தால் செய்ததெல்லாம் வீண். மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள்.

செம்பிலோ வெண்கலத்திலோ வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து, துடைத்தாலும் அதே இடத்தில் மறுபடி பூத்தால், அது உலோகத்துக்குள் தங்கிய குளோரைடும் ஈரமும் சேர்ந்து அரிப்பது. அசிட்டோனுக்கு அது அடங்காது. காசைத் தனியே பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து ஈரத்தை நிறுத்துவதே வீட்டில் செய்யக்கூடியது. மதிப்புள்ள காசு என்றால் அதற்கு மேல் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

வெள்ளியின் கறுப்பு கந்தகத்தால் வருவது. ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளி ஆகியவை அதை வேகப்படுத்தும். கறுப்பு காசைத் தின்பதில்லை என்பதால் மூலத்தை அகற்றிவிட்டுக் காசை அப்படியே விடலாம். நம் வீடுகளில்தான் இங்கே தவறு நடக்கிறது. வெள்ளி என்றால் விபூதி, செம்பு என்றால் புளி என்று கை தானாகப் போகும். குத்துவிளக்குக்கு நல்லதெல்லாம் காசுக்கு நல்லதல்ல. விபூதியின் மெல்லிய துகள் மேற்பரப்பில் நுண்கீறல்களை இடுகிறது. புளியின் அமிலம் செம்பின் பழைய தோலை உரித்து இளஞ்சிவப்பாக்கிவிடுகிறது. என் அம்மா ஒரு விக்டோரியா ரூபாயை வெள்ளிக்கிழமை பூசைக்காகத் துலக்கி வைத்தார். இன்றும் அது பளபளக்கிறது, வாங்க மட்டும் ஆள் இல்லை. துலக்கப்பட்ட காசு உங்களிடம் இருந்தால் நிலைப் பத்தியில் “துலக்கியது” என்று நேர்மையாக எழுதிவிடுங்கள்.

பீரோவை மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நீலச் சிலிகா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். சூடாக்கி நீலமாகும் வரை உலர்த்தலாம். ஏசி அறையில் குளிர்ந்த காசை ஈரக்காற்றுள்ள கூடத்துக்கு எடுத்து வந்தால் அதன் மேல் நீர் கோக்கும். உறையிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

அறிகுறி: எடை ஒத்துவரவில்லை

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். ஒரு கிராம் குறைந்தாலோ, கூடுதலாக இருந்தாலோ பட்டியலில் கேள்விக்குறி இடுங்கள். 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்களில் வெள்ளி பாதிதான், எடை மட்டும் அதே 11.66. எடையை நம்பி எல்லாவற்றையும் ஒரே உலோகமாகப் பதிந்துவிட வேண்டாம். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

அறிகுறி: புகைப்படம் எந்தக் காசுடையது என்று தெரியவில்லை

கோப்பின் பெயரைப் பிறகு மாற்றலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை. எண் எழுதிய சீட்டைக் காசின் பக்கத்தில் வைத்துப் படத்துக்குள்ளேயே எண் விழும்படி எடுங்கள். இரு பக்கங்களுக்கும் அதே சீட்டு.

அறிகுறி: வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு அனுப்ப எடுத்து வைத்த காசுகள் பட்டியலில் தொங்கலாக நிற்கின்றன

நூறு ஆண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கூரியரில் போட்டாலும் பெட்டியில் எடுத்துச் சென்றாலும் இது பொருந்தும். ஆகவே கி.பி. ஆண்டுப் பத்தியை வைத்து நூறு ஆண்டைக் கடந்தவற்றை வடிகட்டி, இடப் பத்தியில் “வீட்டில்” என்று திருத்தி, அவற்றைத் திரும்பக் குழியில் வைத்துவிடுங்கள். வைத்ததும் துண்டுச் சீட்டை எடுத்துவிட மறக்க வேண்டாம். என் ஆல்பத்தில் காசும் இருந்து “வெளியே” என்ற சீட்டும் இருந்த குழிகள் போன வாரம்தான் நான்கு அகப்பட்டன.